தெருவில் நிற்பவன் யார் வீட்டுப் பிள்ளை?

"தெருப்பிள்ளைகளால் நம் சமுதாயம் முன்னேறாமல் கிடக்கிறது" என்று ஒரு பேச்சு மேடைதோறும் கேட்கிறது. திருவிழா மேடையில் கேட்கிறது. பரிசளிப்பு விழாவில் கேட்கிறது. பட்டணத்து மண்டபங்களில் மாலையோடு வீற்றிருக்கும் பெரிய மனிதர்களின் வாயில் கேட்கிறது. பேசியவர்கள் கைதட்டு வாங்கிக்கொண்டு காரில் ஏறிப் போய்விடுகிறார்கள். வாசலில் அந்தக் காருக்கு இடம் காட்டிவிட்டு ஒரு வெள்ளிக்குக் கை நீட்டி நிற்கும் சிறுவனைப் பற்றித்தான் இவ்வளவு நேரம் பேசினோம் என்பது அவர்களுக்கு உறைப்பதேயில்லை.

இந்தப் பேச்சுக்கு மறுமொழி சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது. ஏன் நமக்கு என்று கேட்பீர்கள். நம் மொழி பேசும் அந்தச் சிறுவனின் குடும்பத்தை விசாரித்துப் பாருங்கள். ஒரு தலைமுறையோ இரண்டு தலைமுறையோ பின்னால் போனால் ஒரு தோட்டத்தின் பெயர் வரும். அவன் பாட்டன் நம் பாட்டனோடு பெரட்டுக்களத்தில் நின்றவன். அவன் பாட்டி காண்டாவில் பால் சுமந்தவள். ஆகவே இவன் எங்கிருந்தோ வந்து முளைத்த பிள்ளையல்லன். நம் லயத்துப் பிள்ளை. அவனைச் சமுதாயத்தின் தடைக்கல் என்று சொல்கிறவர்களிடம் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. அவற்றைக் கேட்பதற்கே இதை எழுதுகிறோம்.

பிள்ளை தெருவுக்கு வந்த வழி

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். தெருப்பிள்ளை என்றால் எல்லோரும் ஒரே வகையல்லர். பகலெல்லாம் தெருவில் எதையாவது விற்றுவிட்டு இரவில் வீட்டுக்குத் திரும்புகிறவன் ஒருவன். வீடே இல்லாமல் கடை ஓரத்திலும் பாலத்தின் கீழும் படுக்கிறவன் இன்னொருவன். வீடும் இருக்கிறது, தாயும் இருக்கிறாள், ஆனால் பள்ளிக்குப் போகாமல் அடுக்குமாடியின் படிக்கட்டிலேயே பொழுதைக் கழிக்கிறவன் மூன்றாமவன். நம்மவரில் மிகுதியாக இருப்பவன் இந்த மூன்றாமவனே. இவனைக் கவனியாமல் விட்டால் முதலாமவனாகிறான். முதலாமவனைக் கவனியாமல் விட்டால் இரண்டாமவனாகிறான். ஒரே ஏணியின் மூன்று படிகள் இவை. இறங்குகிற ஏணி!

இந்த ஏணியை யார் போட்டது? 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டன. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் போட்டு மறுபடி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அதற்குப் பெயர். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அப்துல் அஜீஸ் ஆராய்ந்து எழுதியது வரலாறு. அந்த அலையைத் தடுக்கத்தான் 1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பாட்டாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. வெட்டுக்காரனே தோட்டத்துக்குப் பங்காளியாகலாம் என்று அது காட்டியது. ஆனால் அலை அதைவிடப் பெரிதாக இருந்தது.

அதன் பிறகு 1968ஆம் ஆண்டில் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1969இல் குடியுரிமை இல்லாதவர்களிடம் வேலைப் பெர்மிட் கேட்டார்கள். முப்பது நாற்பது ஆண்டு பால் வெட்டியவர்கள் ஒரே நாளில் அந்நியர் ஆனார்கள். பல்லாயிரம் பேர் கப்பல் ஏறினார்கள். தகப்பன் கப்பலில், பிள்ளைகள் லயத்தில் என்று உடைந்த குடும்பங்கள் எத்தனை! அடுத்து ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்குப் பின் வீடமைப்பு வந்தது, கோல்ப் மைதானம் வந்தது, நெடுஞ்சாலை வந்தது. நாட்டின் நிர்வாகத் தலைநகரமான புத்ராஜெயா எழுந்து நிற்கும் நிலம் பிராங் பெசார் தோட்டம். அங்கிருந்த குடும்பங்கள் டிங்கிலில் உள்ள அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டன. நாட்டுக்குத் தலைநகரம் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மண்ணைக் காடாக இருந்த காலம் முதல் காத்தவனுக்கு அதில் ஒரு முழ நிலமும் இல்லையே என்பதுதான் நம் வயிற்றெரிச்சல்.

தோட்டத்தை மூடும்போது சட்டம் என்ன கொடுக்கச் சொல்கிறது? 1980ஆம் ஆண்டின் வேலை நீக்க நஷ்ட ஈட்டு விதிகளைப் பாருங்கள். இரண்டு ஆண்டுக்கும் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் 15 நாள். ஐந்துக்கு மேல் போனால் 20 நாள். இருபது ஆண்டு மரம் வெட்டியவருக்கு 400 நாள் கூலி. அந்தக் காசில் பட்டணத்தில் வீடு வாங்க முடியுமா? வாடகை எத்தனை மாதம் தாங்கும்? பள்ளியைப் பற்றி அந்த விதிகளில் ஒரு சொல் உண்டா? ஆயாக்கொட்டகையைப் பற்றி உண்டா? கிடையாது. மனிதனின் உழைப்புக்கு நாள் கணக்குப் போட்டார்கள். அவன் பிள்ளைக்குக் கணக்கே போடவில்லை.

லயம் கெட்டதுதான், ஆனால்...

தோட்ட வாழ்க்கையைச் சொர்க்கம் என்று பாடும் வேலை நம்முடையதல்ல. விடியும் முன் பெரட்டு, அட்டைக்கடி, கொசுக்கடி, தண்டலின் வசவு, சாயங்காலம் கள்ளுக்கடை, மாத முடிவில் கடன். இவ்வளவையும் பார்த்தவர்கள் நாம். தோட்டப் பள்ளிக்கூடத்தையும் யாரும் கருணையால் கட்டித் தரவில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைத்தாக வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் கட்டளையிட்டது. அதற்காக வைத்தார்கள். அதுவும் எப்படி? பல இடங்களில் ஆயாக்கொட்டகையின் ஒரு மூலையில், கிராணியோ கங்காணியோ வாத்தியாராக. வெட்டுக்காரன் மகன் வெட்டுக்காரனாகவே இருந்தால் போதும் என்ற கணக்கு அது.

ஆயினும் லயத்தில் ஒன்று இருந்தது. தாய் தகப்பன் இருவரும் இருட்டில் மரத்துக்குப் போனால், பிள்ளையை ஆயா பார்த்தாள். ஆயா பாராவிட்டால் பக்கத்து வீட்டுப் பாட்டி பார்த்தாள். பள்ளிக்குப் போகாதவனை வாத்தியார் லயத்துக்கே வந்து காதைத் திருகி இழுத்துப் போனார். திடல் இருந்தது, பந்து இருந்தது, கோயில் இருந்தது. பிள்ளை தப்புச் செய்தால் மாலைக்குள் பத்துப் பேர் தகப்பனிடம் சொல்லிவிடுவார்கள்.

அடுக்குமாடிக்குப் போனதும் நடந்தது என்ன? தாய் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போனாள். தகப்பன் லாரி ஓட்டினான், அல்லது காவல் வேலைக்குப் போய் இரவு முழுதும் நின்றான். ஆயாக்கொட்டகை இல்லை. பாட்டி பின்தங்கிவிட்டாள். எதிர் வீட்டுக்காரர் யார் என்றே தெரியாது. தமிழ்ப்பள்ளி எங்கோ ஒரு கோடியில். போக வர பஸ் காசு தாங்காது. 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று சுமார் 530. தோட்டம் மூடப்பட்டபோது பல பள்ளிகளும் சேர்ந்தே மூடப்பட்டன. ஆறாம் வகுப்பு முடித்துப் பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குப் போனவன் புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் உட்கார்ந்தான். மொழி புரியாமல், கேலி பொறுக்காமல், பதின்மூன்று வயதில் புத்தகப் பையைக் கீழே வைத்தான். வீட்டில் ஆள் இல்லை. பள்ளியில் மனம் இல்லை. வேலைக்கு வயது இல்லை. மிஞ்சியது தெரு ஒன்றுதானே?

மரம் வெட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உளி ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம். காயம்பட்ட இடத்தில் முடிச்சு விழும். புதுப் பட்டை வந்த பிறகும் அந்த இடத்தில் உளி ஓடாது. அதைப் பார்த்து, "இந்த மரத்துக்குக் குணம் சரியில்லை" என்று எந்தத் தண்டலாவது சொல்வாரா? எந்தக் கை வெட்டியது என்றுதான் கேட்பார். மரத்துக்குக் கிடைக்கும் நியாயம் மனிதப் பிள்ளைக்கும் கிடைக்கட்டும் என்கிறோம்.

காகிதம் இல்லாத பிள்ளை

இன்னொரு கதவு இருக்கிறது. அதன் வழியாகவும் பிள்ளைகள் தெருவுக்கு வருகிறார்கள். அது காகிதம்.

அந்தக் காலத்தில் லயத்து வீட்டில் மருத்துவச்சி பிள்ளையை எடுத்தாள். சிலர் பதிந்தார்கள்; சிலர் பதியவில்லை. பதியாத பெண் வளர்ந்து தாயானாள். அவளுக்கே பத்திரம் இல்லாதபோது அவள் பிள்ளைக்கு எங்கிருந்து வரும்? இப்படி மூன்று தலைமுறை காகிதம் இல்லாமல் இந்த மண்ணிலேயே பிறந்து இந்த மண்ணிலேயே சாகிற குடும்பங்கள் இருக்கின்றன.

கல்யாண விஷயம் இதைவிடக் கொடுமை. 1976ஆம் ஆண்டின் திருமணச் சட்டச் சீர்திருத்தம் 1982 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி முஸ்லிம் அல்லாதார் திருமணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். கோயிலில் தாலி கட்டினோம், ஐயர் மந்திரம் சொன்னார், ஆயிரம் பேர் சாப்பிட்டார்கள் என்பதெல்லாம் பதிவு இலாகாவில் செல்லாது. பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளை சட்டத்தின் கண்ணில் திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை. குடியுரிமைக்கு அது தாயின் வழியைத்தான் பின்பற்றும். தகப்பன் நீல அடையாளக் கார்டு வைத்திருந்தும், தாய் வெளிநாட்டாராகவோ பத்திரமே இல்லாதவராகவோ இருந்தால், அந்தப் பிள்ளை நாடற்ற பிள்ளையாகிவிடுகிறது. தாலிக்குச் செலவிட்ட தொகையில் நூறில் ஒரு பங்கும் ஆகாத ஒரு கையெழுத்து இல்லாததால் வந்த வினை இது.

தொடக்கக் கல்வி 2003 ஜனவரி முதல் நாள் தொட்டு இந்நாட்டில் கட்டாயம். இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்தம் 2025இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. வரவேற்கிறோம். ஆனால் 2003இல் வந்த கட்டாயம் மலேசியக் குடிமக்களான பெற்றோருக்கு என்றே எழுதப்பட்டது. பெற்றோரில் ஒருவர் மலேசியர் என்று காட்ட முடிந்தால், பத்திரம் முடியாத பிள்ளையையும் பள்ளியில் சேர்க்கலாம் என்று 2019இல் கதவு கொஞ்சம் திறந்தது. அந்த ஒருவரின் பெயரும் காகிதத்தில் இல்லாவிட்டால்? கதவு திறந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே பிள்ளை வெளியே நிற்க வேண்டியதுதான். பள்ளிக்கூடம் இல்லை, பின்னால் வங்கிக் கணக்கு இல்லை, முறையான வேலை இல்லை, கார் ஓட்ட லைசென்ஸ் இல்லை. அப்புறம் அவனைப் பார்த்து, "உழைத்து முன்னேறாதவன்" என்று மேடையில் பேசுகிறார்கள். கையைக் கட்டிப் போட்டுவிட்டு நீந்தவில்லையே என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

முந்திக்கொண்டது கும்பல்

2013ஆம் ஆண்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களைச் சட்டவிரோதமானவை என்று அறிவித்தது. உறுப்பினர்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் இந்தியர் என்றும் சொன்னது. உடனே எத்தனை அறிக்கைகள்! எத்தனை கண்டனங்கள்! "வெட்கம், வெட்கம்" என்று தலைவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

ஒரு கேள்வி கேட்கிறோம். பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டு வந்து படிக்கட்டில் உட்கார்ந்தவனிடம் முதலில் வந்து பேசியது யார்? சமுதாயத் தலைவரா? கோயில் கமிட்டியா? சட்டமன்ற உறுப்பினரா? இவர்கள் யாரும் வரவில்லை. கும்பலின் ஆள் வந்தான். "தம்பி, சாப்பிட்டியா?" என்று கேட்டான். சாப்பாடு வாங்கிக் கொடுத்தான். சட்டை வாங்கிக் கொடுத்தான். "யாராவது தொட்டால் அண்ணனிடம் சொல்" என்றான். அப்பன் சொல்ல நேரமில்லாத சொல்லையும், வாத்தியார் கேட்க மறந்த கேள்வியையும், அவன் சொன்னான், கேட்டான். அண்ணன் என்ற உறவுச் சொல்லையே தூண்டிலில் மாட்டிப் போட்டான்; பிள்ளை விழுந்தான். பிறகு ஒரு பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடு என்றான். அதற்குப் பின் திரும்பி வரும் வழி இல்லை.

கும்பலைப் போற்றவில்லை. அது பிள்ளையின் இரத்தத்தை உறிஞ்சும் அட்டை. ஆனால் ஈரம் இருக்கும் இடத்துக்குத்தான் அட்டை வரும். கைவிடப்பட்ட பிள்ளைகள் இருக்கும் வரையில் கும்பலுக்கு ஆள் பஞ்சம் வராது. நாற்பது பேரைப் பிடித்து உள்ளே போட்டால் அடுத்த படிக்கட்டில் நானூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தடியா மருந்து?

"பிடித்து முகாமில் போடு, நாலு அடி கொடு, திருந்துவான்" என்று யோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 2001ஆம் ஆண்டின் சிறுவர் சட்டத்தில் "கட்டுக்கடங்காத பிள்ளை" என்று ஒரு வகை எழுதப்பட்டது. பெற்றவரே கோர்ட்டுக்குப் போய், இவன் எனக்கு அடங்கவில்லை என்று மனுக் கொடுத்தால், பிள்ளையைச் சீர்திருத்தப் பள்ளிக்கோ கண்காணிப்பு விடுதிக்கோ அனுப்பலாம். திருடவில்லை, அடிக்கவில்லை, அடங்கவில்லை, அவ்வளவுதான்! இரட்டை ஷிப்ட் பார்த்துவிட்டு ஓய்ந்து வரும் தாய் வேறு வழி தெரியாமல் அந்தப் படியை ஏறுகிறாள். அவளைக் குற்றம் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. அவளுக்கு வேறு படி ஒன்றும் கட்டி வைக்காதவர்களைத்தான் குற்றம் சொல்கிறோம்.

அதே சட்டத்தில் இன்னொரு வகையும் இருக்கிறது: "பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளை." பிள்ளையைத் தெருவில் பிச்சைக்கு விடுகிறவனைத் தண்டிக்கும் பிரிவும் இருக்கிறது. 2017இல் ஐக்கிய நாடுகளின் பிள்ளைகள் உரிமைக் குழு, தெருவில் வாழும் பிள்ளைகளைப் பற்றித் தனியாகவே ஒரு கருத்துரை வெளியிட்டது. பிச்சை எடுத்தான், சுற்றித் திரிந்தான், வீட்டை விட்டு ஓடினான் என்பதற்காகப் பிள்ளையைக் குற்றவாளியாக்கும் சட்டங்களை நீக்குங்கள் என்று அது நாடுகளைக் கேட்டது. பிள்ளைகள் உரிமை ஒப்பந்தத்தில் மலேசியா 1995இல் சேர்ந்தது. எனவே புதிதாக நாம் எதையும் யாசிக்கவில்லை. ஒப்புக்கொண்டதைச் செய்யுங்கள் என்கிறோம். பிள்ளையின் மேல் எந்தப் பிரிவைப் போடுவது என்று இலாகா முடிவு செய்யும்போது, அடக்கும் பிரிவை எடுக்காதே, காக்கும் பிரிவை எடு என்கிறோம்.

சமுதாய வளர்ச்சி எது?

இப்பொழுது மேடைப் பேச்சின் மூலத்துக்கு வருவோம். "தெருப்பிள்ளைகள் சமுதாய வளர்ச்சிக்குத் தடை." வளர்ச்சி என்று எதைச் சொல்கிறீர்கள் ஐயா? இத்தனை வக்கீல், இத்தனை டாக்டர், இத்தனை தத்தோ பட்டம், இத்தனை அடி உயரக் கோபுரம் என்ற கணக்கையா? தென்னை மரம் உயர்ந்ததைக் காட்டித் தோட்டம் செழித்தது என்பது போல் இருக்கிறது. தோட்டக் கணக்கு எழுதும் கிராணிக்கு உண்மை தெரியும். நல்ல மரம் எத்தனை என்று மட்டும் அவர் எழுதுவதில்லை; எத்தனை மரம் பட்டுப்போயிற்று என்றும் எழுதுகிறார். இரண்டையும் எழுதினால்தான் கணக்கு. ஒரு சமுதாயம் வளர்ந்ததா என்று அறிய ஒரு வழி சொல்கிறோம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு உங்கள் வட்டாரத்துக் கடைத்தெருவில் நடந்து போங்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் கண்ணில் படுகிறார்கள் என்று எண்ணுங்கள். அதுதான் நம் வளர்ச்சியின் அளவு.

அந்தப் பிள்ளைகளால் சமுதாயத்துக்கு நஷ்டம் இல்லை என்று சொல்லவில்லை. நஷ்டம் பெரிது. படிக்க வேண்டியவன் படிக்கவில்லை. கைத்தொழில் கற்க வேண்டியவன் கற்கவில்லை. ஒரு பையன் சிறைக்குப் போனால் அவன் தங்கையின் படிப்பும் நிற்கிறது, தாயின் வேலையும் போகிறது. வட்டாரம் முழுவதற்கும் கெட்ட பெயர் வருகிறது. நல்ல பிள்ளை வேலைக்கு மனுப் போட்டாலும் முகவரியைப் பார்த்துத் தள்ளிவிடுகிறார்கள். இவ்வளவும் உண்மை. ஆனால் கடன் பத்திரத்தைக் கொண்டு வருகிறவனைக் கடன்காரன் என்று அடிக்கலாமா? தோட்டங்களை விற்றவர்களும் வாங்கியவர்களும் கொடுக்காமல் விட்ட பாக்கியைத்தான் அந்தப் பிள்ளை கையில் ஏந்திக்கொண்டு தெருவில் நிற்கிறான்.

பழைய வரலாறு ஒன்றையும் நினைவுபடுத்துகிறோம். ஜப்பான்காரன் காலத்தில் தோட்டம் தோட்டமாக ஆண்களைச் சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துப் போனார்கள். 1943இல் பாதை முடிந்தது. பல்லாயிரம் தகப்பன்மார் திரும்பவில்லை. பெற்றவரை இழந்த பிள்ளைகள் அன்றைக்கும் தெருவில் நின்றார்கள். அன்று யாரும் அவர்களைத் தடைக்கல் என்று சொல்லவில்லை. 1949இல் சுவாமி சத்தியானந்தர் சுத்த சமாஜத்தை நிறுவினார். அநாதைப் பிள்ளைகளுக்கு அங்கே வீடும் பள்ளியும் கிடைத்தன. கஞ்சிக்கே கஷ்டப்பட்ட காலத்தில் அது முடிந்தது. மாடி வீடும் காரும் வந்த பிறகு ஏன் முடியவில்லை?

பக்கத்து லயத்துப் பிள்ளை

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது. இன்று செம்பனைக் காட்டில் குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டார். சபாவில் இந்தோனேசிய, பிலிப்பைன்ஸ் தொழிலாளர்களின் பிள்ளைகள் காகிதம் இல்லாமல் தோட்டங்களிலும் பட்டணத் தெருக்களிலும் வளர்கிறார்கள். அவர்களுக்காக 1991 முதல் ஹுமானா அமைப்பு தோட்டங்களில் பள்ளி நடத்தி வருகிறது. அரசாங்கம் நடத்த வேண்டியதை வேறொருவர் நடத்துகிறார்.

"நம் பிள்ளைக்கே வழியில்லை, அவன் பிள்ளையைப் பற்றி நமக்கென்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். நம் பாட்டனைப் பார்த்தும் இதே சொல்லைத்தான் சொன்னார்கள். கூலி, வந்தேறி, பெர்மிட் இல்லாதவன் என்றார்கள். அந்தச் சொல்லின் வலி தெரிந்தவர் வாயிலிருந்து அதே சொல் வரக்கூடாது. காகிதம் இல்லாத ஒரு பிள்ளை தோட்டத்தில் இருந்தால் முதலாளிக்கு மலிவான கூலி ஒன்று வளர்கிறது என்று பொருள். நாளை அவனைக் காட்டித்தான் நம் சம்பளத்தையும் குறைப்பார்கள். 15 வயதுக்குக் குறைந்த பிள்ளையைக் கண்ட வேலையில் வைக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. அது எந்த நாட்டுப் பிள்ளைக்கும் பொது. உதிர்ந்த பழம் பொறுக்கும் சின்னக் கையைக் கண்டால், எந்த மொழிப் பிள்ளையென்று பாராமல் சங்கக் கிளையில் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியவை

பேசிவிட்டுப் போவதற்காக எழுதவில்லை. செய்ய வேண்டியதைச் சொல்கிறோம்.

முதலாவது, தோட்டம் கைமாறுகிறது, மூடப்படுகிறது என்ற பேச்சு வந்தால், நஷ்ட ஈட்டுக் காகிதத்தில் தனித்தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள். நாள் கணக்குச் சம்பளம் சட்டம் தரும் குறைந்த அளவு. அதற்கு மேல் பேசித்தான் வாங்க வேண்டும். வீடு எங்கே, பள்ளி எங்கே, பிள்ளைகளை மாற்றும் வரை பஸ் செலவு யாருடையது என்ற மூன்று கேள்விக்கும் எழுத்தில் பதில் வரட்டும். தோட்டம் மூடப்படும் தேதி பள்ளி ஆண்டின் நடுவில் விழவே கூடாது என்று கேளுங்கள்.

இரண்டாவது, கிராணிமார்களுக்கு ஒரு விண்ணப்பம். பாரம் நிரப்பத் தெரிந்தவர்கள் நீங்கள். இலாகாவின் மொழியும் வாசலும் அறிந்தவர்கள். ஒவ்வொரு கிளையிலும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை, எந்தத் தம்பதிக்குத் திருமணப் பதிவு இல்லை என்று எழுதுங்கள். பிள்ளை பிறந்து 60 நாளுக்குள் பதிந்தாக வேண்டும் என்பதை ஒவ்வொரு கர்ப்பிணியின் வீட்டிலும் சொல்லுங்கள். நாடற்ற பிள்ளைக்கு அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ் மனுப் போட இடம் இருக்கிறது. 21 என்றிருந்த வயது எல்லையை 18 ஆக்கும் திருத்தத்தை 2024இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியிருக்கிறது. அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால் பிள்ளையின் வயது நமக்காகக் காத்திராது. மனுவை இன்றே போடுங்கள்.

மூன்றாவது, கோயில் கமிட்டிகளுக்கு. தாலி கட்டும் முன் பதிவுப் பத்திரத்தைக் காட்டு என்று கேளுங்கள். மண்டபம் வாரத்தில் ஆறு நாள் பூட்டிக் கிடக்கிறது. பகல் இரண்டு மணி முதல் ஏழு மணி வரை அதைத் திறந்து வையுங்கள். ஒரு விசிறி, நாலு மேசை, ஒரு பானை மைலோ, கணக்குச் சொல்லித்தர ஒரு படித்த பெண். இவ்வளவு போதும். பாதிப் பிள்ளைகள் படிக்கட்டை விட்டு வந்துவிடுவார்கள். கோபுரத்துக்குக் கலசம் ஓராண்டு தாமதமானால் சாமி கோபித்துக்கொள்ளாது.

நான்காவது, தெருவில் ஒரு பிள்ளையைக் கண்டால் போலீஸை அழைக்கும் முன் சமூக நல இலாகாவை அழையுங்கள். தாலியான் காசே 15999 என்ற எண் அதற்காகவே இருக்கிறது. "யார் வீட்டுப் பிள்ளைடா நீ?" என்று அதட்டாமல் கேளுங்கள். பெயரைக் கேளுங்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். கும்பல் கேட்கும் கேள்வியை நாம் முதலில் கேட்டுவிட்டால் கும்பலுக்கு வேலை இல்லை.

ஐந்தாவது, சம்பளம். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று அரசாங்கம் அறிவித்தது. தாயும் தகப்பனும் இரண்டு வேலை பார்த்தால்தான் அடுப்பு எரியும் என்ற நிலை மாறாத வரையில், பிள்ளையைப் பார்க்க வீட்டில் ஆள் இருக்காது. ஆகவே கூலிப் போராட்டம் பிள்ளைகளுக்கான போராட்டம் என்பதை மறவாதீர்கள். ஒப்பந்தப் பேச்சு மேசையில் சம்பளக் கணக்கோடு பிள்ளைகளின் கணக்கையும் வைக்கச் சொல்லி உங்கள் கிளையிலிருந்து தீர்மானம் அனுப்புங்கள்.

தோழர்களே! நம் முன்னோர் காட்டை அழித்து மரத்தை நட்டார்கள். கன்று பால் மரமாக ஆறேழு ஆண்டு பொறுத்தார்கள். மாடு மேயாமல் வேலி கட்டினார்கள். காற்றில் சாயாமல் கம்பு நட்டார்கள். துரையின் கன்றுக்கு அவ்வளவு காவல் காத்த கைகள் நம்முடைய கைகள். நம் கன்றுக்கு அந்தக் காவல் வேண்டாமா? மேடைக்காரர்கள் பேசிக்கொண்டே இருக்கட்டும். அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் உங்கள் லயத்தில், உங்கள் அடுக்குமாடியில், பள்ளிக்குப் போகாத ஒரு பிள்ளையின் பெயரை எழுதிக் கொண்டு வாருங்கள். அந்தப் பட்டியலிலிருந்து வேலையைத் தொடங்குவோம்.